பட்டம் மடிந்தது, பரம்பரை மடியவில்லை

நம் மன்றத்தில் ஆண்டுதோறும் புதிய மாணவரை வரவேற்கும் கூட்டம் நடைபெறுகிறது. வந்தவர் எழுந்து பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், படிக்கும் துறையைச் சொல்வார். அத்தோடு முடிந்தால் நலம். ஆனால் முடிவதில்லை. “தம்பி எந்தக் குடும்பம்?” என்று ஒரு கேள்வி எங்கிருந்தோ எழும். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆயிரம் மைலுக்கு அப்பால் கொல்கத்தாவில் வந்து கிடக்கும் நமக்கு, ஊர்க்காரர் ஒருவரைக் கண்டால் உறவு தேடும் ஆசை இயல்பானதே. ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்து கொண்டிருக்கிறது. அது என்ன என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

நான் சேர்ந்த ஆண்டில் அந்தக் கேள்வி என்னிடமும் வந்தது. எனக்கோ உள்ளம் குளிர்ந்தது. “என் கொள்ளுத் தாத்தா வெள்ளையர் காலத்தில் ராவ் பகதூர் பட்டம் பெற்றவர்” என்றேன். எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பட்டம் பொறித்த பலகை இன்றும் தொங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலைகள் அசைந்தன. எனக்கு அடுத்து ஒரு நண்பர் எழுந்தார். அவரிடமும் அதே கேள்வி. “சொல்லிக் கொள்ளும்படி ஒன்றும் இல்லை, அண்ணா” என்று சொல்லி உட்கார்ந்து விட்டார். அந்த ஆண்டு முழுவதும் அவர் மன்றத்தின் பக்கமே வரவில்லை. நான் பேசிய பெருமைக்கும் அவர் வராமற் போனதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குப் பட நெடுநாள் ஆயிற்று.

பட வைத்தது யார் தெரியுமா? இந்த நகரத்தில் ஒரு காலத்தில் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த ஐரிஷ்காரர் ஒருவர். அவர் பெற்ற ஒரு பட்டம். அந்தப் பட்டம் மாண்ட கதை. அந்தக் கதையைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எஸ்பிளனேடு பக்கம் போகும்போது ஆளுநர் மாளிகையைப் பாராதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சிங்கங்கள் நிற்கும் பெரிய வாயில்களைக் கொண்ட அந்த மாளிகை 1799-ஆம் ஆண்டு தொடங்கி 1803-ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. கட்டச் சொன்னவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. இங்கிலாந்தின் டார்பிஷயரில் கர்சன் குடும்பத்தார் வாழ்ந்த கெடில்ஸ்டன் மாளிகையை மாதிரியாகக் கொண்டு கட்டினார்கள். செலவைக் கேட்டு லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் முகம் சுளித்தார்கள். ரபி அகமது கித்வாய் சாலை என்று இன்று வழங்கும் தெருவுக்கும் ஒரு காலத்தில் வெல்லெஸ்லி தெரு என்றே பெயர். தெருவின் பெயர் மாறிவிட்டது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே அவருடைய பட்டம் மறைந்துவிட்டது.

வெல்லெஸ்லி ஆங்கிலேயர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவருடைய குடும்பம் அயர்லாந்தில் மீத் மாவட்டத்தில் டங்கன் என்னும் இடத்தில் வாழ்ந்தது. இங்கிலாந்திலிருந்து சென்று அயர்லாந்தில் வேரூன்றிய நிலப்பிரபுக்களின் குலம் அது. அந்தக் குலத்தின் பெயரே ஒரு வேடிக்கை. வெல்லெஸ்லியின் பாட்டனார் பிறக்கும்போது வெல்லெஸ்லி அல்லர், ரிச்சர்ட் காலி. பிள்ளை இல்லாத உறவினரான காரெட் வெஸ்லி என்பவரின் சொத்து அவருக்கு வந்தது. சொத்தோடு பெயரையும் 1728-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டார். ‘வெஸ்லி’ என்பதை ‘வெல்லெஸ்லி’ என்று நீட்டி எழுதும் வழக்கம் பேரனார் காலத்தில் நிலைபெற்றது. ஆக, உலகம் போற்றிய அந்தக் குலப்பெயர் குருதி வழி வந்ததன்று. சொத்துப் பத்திரத்தின் வழி வந்தது!

பாட்டனார் 1746-ஆம் ஆண்டில் மார்னிங்டன் பாரன் ஆனார். அவருடைய மகன் காரெட், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர். பாடல்களுக்கு இசை அமைத்தவர். அவர் 1760-ஆம் ஆண்டில் மார்னிங்டன் ஏர்ல் ஆக உயர்ந்தார். அதே ஆண்டில் மூத்த மகன் ரிச்சர்ட் பிறந்தார். தந்தை 1781-ஆம் ஆண்டில் இறந்தபோது ரிச்சர்ட் இரண்டாம் ஏர்ல் ஆனார். ஆக்ஸ்போர்டில் பட்டப் படிப்பை முடிக்காமலே குடும்பப் பொறுப்பை ஏற்றார். அவருடைய தம்பிகளில் ஒருவரை உலகமே அறியும். வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் டியூக்காகிய ஆர்தர் அவர்.

1798-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் மடிந்தார். லண்டனில் மகிழ்ச்சி ஆரவாரம். வென்றவருக்குப் பரிசாக 1799-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ‘மார்க்விஸ் வெல்லெஸ்லி’ என்ற பட்டம் உண்டாக்கப்பட்டது. ஏர்லுக்கு மேல், டியூக்குக்குக் கீழ் உள்ள படி அது.

வேறொருவராயிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். வெல்லெஸ்லியோ நொந்து போனார். காரணம், அது ஐரிஷ் பட்டம். ஐரிஷ் பிரபுப் பட்டம் பெற்றவருக்கு அதைக் கொண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு வாரி வழங்கப்பட்ட பட்டம் என்ற எளக்காரமும் அதற்கு இருந்தது. அவர் எதிர்பார்த்தது இங்கிலாந்துப் பட்டம். ‘இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு’ என்று தமக்குக் கிடைத்ததைக் கசப்போடு கேலி செய்தார். அயர்லாந்தின் ஏழைமக்கள் உண்ட உணவு உருளைக்கிழங்கு அல்லவா! பிறந்த நாட்டின் பெயரால் வந்த பட்டம், பிறந்த நாட்டாருக்கே இழிவாகத் தோன்றிற்று.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். ஒரு நாட்டையே வென்றவர், தமக்குக் கிடைத்த பட்டம் போதவில்லை என்று புழுங்குகிறார். பட்டத்தின் இயல்பே அதுதான். அது மனிதரை வரிசையில் நிறுத்துகிறது. வரிசை என்று ஒன்று வந்துவிட்டால், முன்னே நிற்பவனைப் பார்த்துப் பொறாமை. பின்னே நிற்பவனைப் பார்த்து ஏளனம். நிம்மதி யாருக்கும் இல்லை.

இனி, அந்தப் பட்டம் மாண்ட கதைக்கு வருவோம்.

இந்தியாவுக்கு வருமுன் வெல்லெஸ்லி, ஹயாசிந்த் கேப்ரியேல் ரோலான் என்ற பிரெஞ்சுப் பெண்ணோடு வாழ்ந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர்; ஆண் மூவர், பெண் இருவர். குழந்தைகள் எல்லாரும் பிறந்த பின்னர், 1794-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முறைப்படி திருமணம் செய்து கொண்டார். அதன்பின் குழந்தை இல்லை. அந்த அம்மையார் இந்தியாவுக்கு வரவில்லை. கணவர் திரும்பிய பின் இருவரும் பிரிந்தனர். 1816-ஆம் ஆண்டில் அம்மையார் காலமானார். 1825-ஆம் ஆண்டில், அயர்லாந்தின் வைஸ்ராயாக இருந்தபோது, அமெரிக்க விதவையான மரியான் பாட்டர்சன் என்பவரை வெல்லெஸ்லி மணந்தார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட சார்லஸ் கரோலின் பேத்தி அவர். அந்த மணத்திலும் குழந்தை இல்லை.

1842-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் வெல்லெஸ்லி இறந்தார். அன்றே மார்க்விஸ் பட்டமும் இறந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகூட நிறையாத பட்டம், ஒரே ஒருவர் சுமந்த பட்டம், அவரோடு புதைந்தது.

“மகன் இருந்தும் பட்டம் ஏன் போகவில்லை?” என்று கேட்கலாம். மூத்த மகன் தந்தைக்கு முன்பே இறந்தார். இரண்டாம் மகன் ஜெரால்டும் இறந்தார். ஆனால் மூன்றாம் மகன் ஹென்றி, தந்தை இறந்தபோது உயிரோடு இருந்தார். நல்ல புலவர். ஆக்ஸ்போர்டில் நியூ இன் ஹால் என்ற கல்விக் கூடத்தின் தலைவராகப் பின்னர் விளங்கியவர். 1866-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். அவருக்கு ஏன் பட்டம் இல்லை?

சட்டம் இடம் தரவில்லை. பெற்றோர் மணம் செய்யுமுன் பிறந்த குழந்தை, அவர்கள் பின்னர் மணந்து கொண்டாலும் முறைப்படி பிறந்த குழந்தை ஆகாது என்பது இங்கிலாந்தின் பழஞ்சட்டம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருச்சபை ஆயர்கள் இந்த விதியைத் தளர்த்தும்படி கேட்டார்கள். திருமணம் நடந்துவிட்டால் முன் பிறந்த குழந்தையையும் ஏற்கலாம் என்பது திருச்சபையின் கொள்கை. பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்தார்கள்; இங்கிலாந்தின் சட்டங்களை மாற்ற மாட்டோம் என்றார்கள். அண்டையிலேயே உள்ள ஸ்காட்லாந்தின் சட்டமோ அத்தகைய குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. 1926-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்தது. அப்போதும் ஒரு விலக்கு வைத்தார்கள்: பிரபுப் பட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது! சொத்தில் இளகிய சட்டம் பட்டத்தில் இளகவில்லை.

இதிலும் ஒரு விந்தை உண்டு. மார்க்விஸ் பட்டம் மடிந்தது. மார்னிங்டன் ஏர்ல் பட்டம் மடியவில்லை. காரணம் என்ன? ஒவ்வொரு பட்டத்துக்கும் அரசர் ஒரு சாசனம் கொடுக்கிறார். யாருக்குக் கொடுத்தாரோ அவருக்குச் சட்டப்படி பிறந்த ஆண் வழிக்கு அது செல்லும். மார்க்விஸ் பட்டம் ரிச்சர்டுக்குக் கொடுத்தது, அவருக்குச் சட்டப்படி மகன் இல்லை, ஆகவே முடிந்தது. ஏர்ல் பட்டமோ தந்தைக்குக் கொடுத்தது. ஆகவே தந்தையின் அடுத்த மகன் வில்லியமுக்குப் போயிற்று. ஒரே மனிதர் தலையில் இருந்த இரண்டு பட்டங்களில் ஒன்று மண்ணுக்குப் போனது; மற்றொன்று தம்பி வீட்டுக்குப் போனது. குருதி ஒன்றுதான். காகிதம் வேறு.

தம்பி வில்லியமுக்குப் பின் அவர் மகன் நான்காம் ஏர்ல் ஆனார். அவரைப் பற்றியும் கேளுங்கள். மனைவி வழியாக வந்த பெருஞ்செல்வத்தை ஊதித் தள்ளியவர். மனைவியின் வான்ஸ்டெட் மாளிகை, கடனை அடைக்க இடித்து விற்கப்பட்டது. தம் பிள்ளைகளை வளர்க்கும் உரிமையைக்கூட நீதிமன்றம் அவருக்கு மறுத்தது. ஆனாலும் ஏர்ல் பட்டத்துக்கு அவர் முழுத் தகுதி உடையவர்! ஏனெனில் அவர் பெற்றோர் மணந்த பின் பிறந்தவர். புலவர் ஹென்றிக்கு ஒன்றும் இல்லை; ஊதாரிக்கு ஏர்ல் பட்டம். நான்காம் ஏர்லின் மகன் 1863-ஆம் ஆண்டில் வாரிசின்றி இறந்ததும், அந்தப் பட்டம் வெல்லிங்டன் டியூக் குடும்பத்தோடு சேர்ந்தது.

இத்தனைக்கும் மேலாக ஒன்று சொல்கிறேன். வெல்லெஸ்லியின் மகள்களுள் ஒருவர் ஆன். சட்டத்தின் கண்ணில் குலத்தைச் சேராதவர். அவர் சார்லஸ் பென்டிங்க் பிரபுவை மணந்தார். அவர்களுடைய மகனின் மகள் சிசிலியா. சிசிலியாவின் மகள் எலிசபெத், மன்னர் ஆறாம் ஜார்ஜின் மனைவியாகிய அரசி. அந்த அரசியின் மகள் இரண்டாம் எலிசபெத். அவர் மகன் 2022-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய மூன்றாம் சார்லஸ். எண்ணிப் பாருங்கள்! ஒரு மார்க்விஸ் பட்டத்தைத் தொடர வைக்கப் போதாத குருதி, பிரிட்டனின் அரியணையில் ஏறி அமர்ந்துவிட்டது. பட்டம் மடிந்தது, பரம்பரை மடியவில்லை.

அப்படியானால் பரம்பரைப் பட்டம் என்பதில் பரம்பரை எங்கே இருக்கிறது? குருதியில் இருந்தால் ஹென்றி மார்க்விஸ் ஆகியிருக்க வேண்டும். தகுதியில் இருந்தால் நான்காம் ஏர்ல் ஏர்ல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டிலும் இல்லை. அது அரசர் கொடுத்த காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்கு உரை எழுதிய சட்டத்தில் இருக்கிறது. ‘பிறப்பால் உயர்ந்தோம்’ என்று பேசுகிறவர்கள், உண்மையில் ‘எழுத்தால் உயர்ந்தோம்’ என்றுதான் பேச வேண்டும்.

“நாடு முழுவதும் அன்று அப்படித்தானே இருந்தது, வேறு வழி ஏது?” என்று கேட்பார் உண்டு. வேறு வழி இருந்தது. அதுவும் அயர்லாந்திலேயே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றுமுன் ஐரிஷ் குலங்களில் தலைவன் இறந்தால் மூத்த மகன் தானே தலைவன் ஆவதில்லை. உறவுக் கூட்டத்தாருள் வல்லவன் ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். தந்தை தன் மகன் என்று ஏற்றுக்கொண்டால் போதும், தாய் மணம் ஆனவளா என்று கேட்பதில்லை. அந்த முறையிலும் சண்டை உண்டு, கொலை உண்டு. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி, குலத்தலைவர்களின் நிலத்தை வாங்கிக்கொண்டு, ஆங்கிலப் பட்டத்தோடு அதைத் திருப்பித் தந்தார். ஓ’நீல் குலத் தலைவர் கான், 1542-ஆம் ஆண்டில் டைரோன் ஏர்ல் ஆனார். தமக்குப் பின் மாத்யூ என்று அவர் குறித்துக் கொடுத்தார். மாத்யூவின் பிறப்பைக் குறைகூறி இன்னொரு மகன் ஷேன் எதிர்த்தார். 1558-ஆம் ஆண்டில் மாத்யூ கொல்லப்பட்டார். பட்டம் ஒன்று வந்தது, இரண்டு சட்டங்கள் ஒரு வீட்டுக்குள் மோதின, சகோதரன் மாண்டான்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. வெல்லெஸ்லி மார்க்விஸ் ஆன அதே 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தஞ்சை மன்னர் சரபோஜியோடு கம்பெனி ஓர் உடன்படிக்கை செய்தது. நாட்டின் ஆட்சி கம்பெனிக்கு. கோட்டையும் பட்டமும் உதவித் தொகையும் மன்னருக்கு. அந்தச் சரபோஜி துளஜா மன்னரின் தத்துப் பிள்ளை. 1787-ஆம் ஆண்டில் துளஜா இறந்தபோது, அந்தத் தத்து செல்லாது என்று பண்டிதர்களைக் கொண்டு சொல்ல வைத்து, அமர்சிங்கை அரியணையில் ஏற்றியது கம்பெனி. சில ஆண்டுகள் கழித்து அதே தத்து செல்லும் என்றாகி, 1798-ஆம் ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சாத்திரம் மாறவில்லை, பிள்ளையும் மாறவில்லை. ஆள்வோரின் எண்ணம் மாறிற்று.

சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் இறந்தார். அவருக்கு மகள்கள் உண்டு, மகன் இல்லை. அங்கிருந்த ஆங்கில அதிகாரியே மகள் ஒருவருக்குப் பட்டத்தைத் தரலாம் என்று எழுதினார். மேலிடம் ஏற்கவில்லை. தஞ்சை அரசுப் பட்டம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. மன்னரின் சொந்தச் சொத்தைக் கேட்டு விதவை அரசி தொடுத்த வழக்கில், அது அரசின் செயல். நீதிமன்றம் தலையிட இயலாது என்று 1859-ஆம் ஆண்டில் லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தஞ்சையின் ஆட்சியை வாங்கியவரின் பட்டம் 1842-ஆம் ஆண்டில் மடிந்தது. ஆட்சியைக் கொடுத்தவர் குலத்தின் பட்டம் 1855-ஆம் ஆண்டில் மடிந்தது. இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் அவர்கள் கணக்கில் இல்லை. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கக் கூடாது. வெல்லெஸ்லியின் குடும்பம் இழந்தது ஒரு பெயரை. தஞ்சைக் குடும்பம் இழந்தது வீடு வாசலை.

பட்டங்கள் அற்றுப்போவதைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்ததும் உண்டு. அயர்லாந்தும் பிரிட்டனும் 1801-ஆம் ஆண்டில் இணைந்தபோது ஒரு விதி செய்தார்கள். மூன்று ஐரிஷ் பட்டங்கள் அற்றுப்போனால்தான் புதிதாக ஒன்றை உண்டாக்கலாம். மொத்தம் நூறாகக் குறையும் வரை இப்படி. அந்த ஐரிஷ் பட்டங்களில் கடைசியாக உண்டாக்கியது 1898-ஆம் ஆண்டில். யாருக்கு என்று எண்ணுகிறீர்கள்? இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் புறப்பட்ட கர்சனுக்கு! தம் குடும்பத்து மாளிகையைப் பார்த்து வெல்லெஸ்லி கட்டிய அதே மாளிகையில்தான் வந்து அவர் குடியேறினார். அவருக்கு மகள்கள் மூவர், மகன் இல்லை. 1925-ஆம் ஆண்டில் அவர் இறந்ததும் அந்த ஐரிஷ் பட்டமும் அற்றுப்போயிற்று. ஒரே மாளிகை; இரண்டு பட்டங்கள்; இரண்டும் இன்று இல்லை. சிங்கங்கள் மட்டும் வாயிலில் நிற்கின்றன.

பின்னர் உலகம் விழித்துக்கொண்டது. விடுதலை பெற்ற அயர்லாந்து 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், அரசு பிரபுப் பட்டம் எதுவும் வழங்காது என்று எழுதி வைத்தது. நம் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவும் படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர, அரசு எந்தப் பட்டமும் வழங்கலாகாது என்கிறது. மன்னர்களின் மானியத்தையும் தனி மரியாதையையும் 1971-ஆம் ஆண்டில் 26-ஆவது திருத்தம் நீக்கியது. பிரிட்டனிலும் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரைப் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றியது.

“அப்படியென்றால் முன்னோரை மறந்துவிடச் சொல்கிறாயா?” என்று என்னைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறக்கச் சொல்லவில்லை. வெல்லெஸ்லி 1800-ஆம் ஆண்டில் இந்நகரத்தில் கோட்டை வில்லியம் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே இந்திய மொழிகளில் இலக்கணங்களும் உரைநடை நூல்களும் அச்சேறின. அது அவர் செய்த செயல். செய்தித்தாள்களுக்கு 1799-ஆம் ஆண்டில் தணிக்கை விதித்தவரும் அவரே. அதுவும் அவர் செய்த செயல். நல்லதும் கெட்டதுமாக அவர் செய்தவை வரலாற்றில் நிற்கின்றன. அவற்றைப் படிக்கலாம், போற்றலாம், தூற்றலாம். சரபோஜி மன்னரை நாம் நினைப்பதும் அவர் தலையில் இருந்த பட்டத்துக்காக அன்று. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்ததற்காக. முன்னோரின் செயலை நினைப்பது நன்றி. முன்னோரின் பட்டத்தை நாம் சூடிக்கொள்வது திருட்டு.

திருட்டு என்ற சொல் கடுமையோ? என்னை வைத்தே சொல்கிறேன். ராவ் பகதூர் பட்டம் பரம்பரைப் பட்டமே அன்று. வாங்கியவரோடு அது முடிந்தது. சட்டப்படி அதில் என் தாத்தாவுக்கு உரிமை இல்லை. என் தந்தைக்கு இல்லை. எனக்கு எங்கிருந்து வரும்? இறந்த பட்டத்தை எடுத்து வந்து, கொள்ளுத் தாத்தாவை ஒரு முறையும் கண்டறியாத நான், மன்றத்தின் நடுவே மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் எதற்காக அந்தப் பட்டத்தைப் பெற்றார் என்றுகூட எனக்குத் தெரியாது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் பாட்டியிடம் கேட்டேன். “யாருக்குத் தெரியும்? அந்தப் பலகையைத் துடைத்துத் துடைத்து என் கைதான் தேய்ந்தது” என்றார். ஆக, எங்கள் வீட்டில் அந்தப் பட்டத்துக்காக உழைத்தவர் ஒருவர் உண்டு என்றால், அவர் பாட்டிதான்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெல்லெஸ்லி குலம் சான்று. பார்த்தால் மாற்றிக்கொண்ட பெயர் கிடைக்கும், கைவிட்ட பிள்ளைகள் கிடைப்பார்கள், காகிதம் கிடைக்கும். உயர்வு மட்டும் கிடைக்காது. நம் நாட்டில் பட்டத்துக்குச் சாசனமாவது உண்டு. ‘எந்தக் குடும்பம்?’ என்று கேட்டு நாம் அளக்கும் உயர்வு தாழ்வுகளுக்கு அந்தச் சாசனமும் இல்லை. சட்டம் 18-ஆம் பிரிவில் பட்டத்தை ஒழித்தது. 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். மேலே தூக்கி வைப்பதும் கீழே தள்ளி வைப்பதும் ஒரே ஏணியின் இரண்டு முனைகள்.

ஆகவே மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு வரவேற்புக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை நிறுத்துவோம். பெயரைக் கேட்போம், ஊரைக் கேட்போம். பிறகு, “உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?” என்று கேட்போம். பாடுகிறவர் பாடட்டும், பந்தடிக்கிறவர் சொல்லட்டும், சமைக்கத் தெரிந்தவரைப் பொங்கல் விழாக் குழுவில் அன்றே சேர்த்துக்கொள்வோம். தந்தை என்ன வேலை பார்க்கிறார், தாத்தா என்ன பட்டம் பெற்றார் என்பதைத் தெரிந்துகொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊர் விட்டு ஊர் வந்த இடத்திலும் ஒருவன் தலைகுனிந்து உட்கார நேர்ந்தால், அந்த மன்றத்துக்குத் தமிழ் மன்றம் என்ற பெயர் எதற்கு?

அந்த நண்பரைச் சென்ற மாதம் நூலகத்தில் கண்டேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். சிரித்தார். “உங்கள் கொள்ளுத் தாத்தா ராவ் பகதூர்; என் அப்பா தேங்காய் உரிப்பவர். ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய் உரிப்பார் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்” என்றார்.

எத்தனை என்று கேட்டேன். சொன்னார். வியந்து போனேன். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருகிறார், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.